பால்குடி மறக்காத பிள்ளைக்கும் பங்கு உண்டு

 

ஜும்ஆ முடிந்ததும் நம் பள்ளிவாசல்களில் அடிக்கடி ஓர் அறிவிப்பைக் கேட்கிறோம். ஏழைக் குடும்பத்துக் குழந்தை ஒன்றுக்கு அறுவை சிகிச்சை, சில லட்சங்கள் தேவை, தாராளமாக உதவுங்கள் என்று இமாம் சொல்வார். வாசலில் துண்டு விரிக்கப்படும். பத்து ரூபாய் வைத்திருப்பவரும் போடுவார், ஐந்நூறு வைத்திருப்பவரும் போடுவார். நம் சமுதாயத்தின் இரக்கம் இன்னும் வற்றவில்லை என்பதற்கு அந்தத் துண்டே சாட்சி. அல்ஹம்துலில்லாஹ்.

அதே மஹல்லாவில் இன்னொரு குழந்தையும் இருக்கிறது. ஒன்றரை வயது. பெரிய நோய் எதுவும் இல்லை. கொஞ்சம் வெளுத்திருக்கிறது. அடிக்கடி சளி, அடிக்கடி வயிற்றுப்போக்கு. வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை. "அவங்க அத்தா மாதிரி இவனும் பொடியாத்தான் இருப்பான்" என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். அந்தக் குழந்தைக்காக எந்தப் பள்ளியிலும் துண்டு விரிக்கப்படுவதில்லை. இருபது வருடம் கழித்து, படிப்பும் ஏறாமல், உடம்பில் தெம்பும் இல்லாமல், ஜகாத் வாங்கும் வரிசையில் அவன் நிற்கக்கூடும். அப்போது கொடுப்போம்.

இன்று நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இதுதான். கெட்டுப்போன பிறகு கொடுப்பது மட்டும்தான் நம் கடமையா? கெடுவதற்கு முன்பே கொடுப்பது யாருடைய கடமை? அது நாம் மனம் இரங்கினால் செய்யும் தர்மமா, அல்லது அந்தக் குழந்தை நம்மிடம் கேட்கக்கூடிய உரிமையா?

உமர் (ரலி) அவர்கள் கேட்ட அழுகை

இந்தக் கேள்விக்கு நம் வரலாற்றிலேயே ஒரு பதில் இருக்கிறது. நாம் பலமுறை கேட்ட சம்பவம்தான். இந்தக் கோணத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மதீனாவுக்கு ஒரு வியாபாரக் கூட்டம் வந்து தங்கியது. இரவில் அவர்களுடைய பொருட்களுக்குக் காவல் இருக்கலாம் என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களையும் அழைத்துக்கொண்டு போனார்கள். தொழுவதும் காவல் காப்பதுமாக இரவு கழிந்தது. அப்போது ஒரு கைக்குழந்தை அழும் சத்தம் கேட்டது. உமர் (ரலி) அவர்கள் அந்தத் தாயிடம் போய், அல்லாஹ்வைப் பயந்துகொள், பிள்ளையை நல்லபடியாகக் கவனி என்று சொல்லிவிட்டு வந்தார்கள். மீண்டும் அழுகை. மீண்டும் போய்ச் சொன்னார்கள். இரவின் கடைசிப் பகுதியிலும் அழுகை நிற்கவில்லை. இப்போது அவர்கள் கடிந்தே பேசினார்கள். என்ன தாய் நீ, இரவெல்லாம் உன் பிள்ளைக்கு அமைதியே இல்லையே என்று கேட்டார்கள்.

தன் எதிரில் நிற்பவர் யார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பால் மறக்கடிக்கப் பார்க்கிறேன், பிள்ளை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான் என்றாள். ஏன் இப்போதே மறக்கடிக்கிறாய் என்று கேட்டபோது அவள் சொன்ன காரணம்தான் கலீஃபாவை உலுக்கியது. பால் மறந்த பிள்ளைகளுக்குத்தான் உமர் உதவித்தொகை எழுதுகிறார் என்றாள்.

அன்று ஃபஜ்ர் தொழுகையில் அவர்கள் ஓதியது மக்களுக்கு விளங்கவில்லை. அந்த அளவுக்கு அழுகை. ஸலாம் கொடுத்ததும், தம்முடைய சட்டத்தால் எத்தனை பிள்ளைகள் மாண்டிருப்பார்களோ என்று தம்மையே நொந்துகொண்டார்கள். உடனே அறிவிப்புச் செய்யச் சொன்னார்கள். அவசரப்பட்டுப் பால் மறக்கடிக்க வேண்டாம், இனி பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்ததிலிருந்தே பங்கு உண்டு என்று எல்லாப் பகுதிகளுக்கும் எழுதி அனுப்பினார்கள்.

சகோதரர்களே! இந்தச் சம்பவத்தைக் கலீஃபாவின் பேணுதலுக்கும் இரக்கத்திற்கும் உதாரணமாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். அதில் இன்னும் மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, அவர்கள் முதலில் கண்டித்தது தாயைத்தான். காரணம் தெரிந்தபோது, தவறு தாயிடம் இல்லை, தாம் போட்ட நிபந்தனையில்தான் என்று கண்டார்கள். இரண்டு, அந்த நிபந்தனை கெட்ட எண்ணத்தில் போடப்பட்டதல்ல. பிள்ளைகளுக்கு உதவுவதற்காகவே போடப்பட்டது. ஆனாலும் பிந்திக் கொடுத்த உதவி, முந்திக் கிடைக்க வேண்டிய பாலைப் பறித்தது. மூன்று, அவர்கள் அந்த ஒரு தாய்க்கு மட்டும் உதவி செய்துவிட்டுப் போகவில்லை. சட்டத்தையே மாற்றினார்கள். பிறந்த அன்றே பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும் என்று ஆக்கினார்கள். அன்றோடு அது தர்மமாக இல்லாமல் உரிமையாகிவிட்டது.

ஆயிரம் நாட்கள்

ஏன் இத்தனை அவசரம்? கொஞ்ச நாள் கழித்துக் கொடுத்தால் என்ன?

மருத்துவர்கள் இன்று "முதல் ஆயிரம் நாட்கள்" என்று சொல்கிறார்கள். தாயின் வயிற்றில் 270 நாட்கள், பிறந்த பின் இரண்டு வருடங்களுக்கு 730 நாட்கள். கூட்டினால் ஆயிரம். ஒரு மனிதனின் உடலுக்கும் மூளைக்கும் அஸ்திவாரம் போடப்படும் காலம் இது. இரண்டு வயதிலேயே மூளை, பெரியவர்களின் மூளை அளவில் ஏறத்தாழ 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. கட்டிடம் எழும்பிய பிறகு அஸ்திவாரத்தைத் தோண்டி பலப்படுத்துவது எவ்வளவு சிரமம் என்று வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்.

திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் பாலூட்டலின் முழுமையான காலத்தை இரண்டு வருடங்கள் என்று குறிப்பிடுவதும், பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பில் வைப்பதும் நாம் அறிந்ததே. கவனியுங்கள். பிள்ளைக்குப் பால் என்று பேசும் அதே இடத்தில் தாய்க்குச் சாப்பாடு என்றும் பேசப்படுகிறது. தாய் பட்டினி கிடந்தால் பிள்ளையின் ஹக்கும் சேர்ந்தே போகிறது.

மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா என்றொரு நாடு. அங்கே 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு கிராமங்களில் புரதச்சத்து நிறைந்த கஞ்சி கொடுத்தார்கள். மற்ற இரண்டில் புரதம் இல்லாத ஒரு பானம் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகு அவர்களைத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை கஞ்சி கிடைத்த ஆண்களின் ஒரு மணி நேரக் கூலி சராசரியாக 46 சதவீதம் அதிகமாக இருந்தது. பெண்கள் ஒரு வகுப்புக்கும் மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள். மூன்று வயதுக்குப் பிறகு அதே கஞ்சியைக் குடித்தவர்களின் கூலியில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஒரே கஞ்சிதான். சீக்கிரம் கொடுத்தது ஒருவனுடைய வாழ்நாள் சம்பாத்தியத்தையே மாற்றியது. தாமதமாகக் கொடுத்தது பசியை ஆற்றியதோடு நின்றுவிட்டது.

உணவு மட்டும் போதுமா? ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரத்தில் 1986-87இல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள ஏழைப் பிள்ளைகள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு சுகாதாரப் பணியாளர் போவார். பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது, வீட்டில் கழித்துப் போட்ட பொருட்களில் எப்படி விளையாட்டுச் சாமான் செய்வது என்று தாய்க்குக் காட்டுவார். இரண்டு வருடம், அவ்வளவுதான். இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகளின் வருமானம் இந்தக் கவனிப்பு கிடைக்காத பிள்ளைகளைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. வளர்ச்சி குன்றாமல் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சமமாக அவர்கள் வந்துவிட்டார்கள்.

பிள்ளைகளைத் தோளில் ஏற்றி விளையாடிய, அவர்களுக்காகத் தொழுகையைச் சுருக்கிய நபி (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு இது புதிய செய்தியா? ஆனால் நம் வீடுகளில் இன்று ஒன்றரை வயதுப் பிள்ளையின் கையில் செல்போன்தான் இருக்கிறது.

சஃப்பில் சமம், வெளியே?

நம் நாட்டுக்கு வருவோம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவின் மிக ஏழைக் குடும்பங்களான ஐந்தில் ஒரு பங்கினரின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 46 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். மிக வசதியான ஐந்தில் ஒரு பங்கினரின் பிள்ளைகளில் 23 சதவீதம் பேர். சரிபாதி வித்தியாசம். இந்தக் குழந்தைகளில் யாரும் சோம்பேறியாக இருந்ததில்லை, யாரும் ஊதாரியாக இருந்ததில்லை. எந்த வீட்டில் பிறந்தார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

தொழுகையில் தோளோடு தோள் நிற்கிறோம். பணக்காரரும் ஏழையும் ஒரே சஃப் என்று பெருமைப்படுகிறோம். உண்மைதான், அது பெருமைக்குரியதுதான். ஆனால் அந்தத் தோள்கள் எந்த உயரத்துக்கு வளர வேண்டும் என்பது, அவர்கள் பள்ளிக்கு வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, எந்த வீட்டில் எத்தனை முட்டை வாங்கினார்கள் என்பதில் முடிவாகிவிட்டதே! யாரும் உயரத்தால் தாழ்ந்தவரல்லர். குட்டையாக இருப்பது குறையும் அல்ல. ஆனால் வளர வேண்டிய பிள்ளை வளராமல் நின்றால், உள்ளே வேறு பலவும் நின்றுபோயிருக்கிறது என்பதற்கு அது வெளியே தெரியும் அடையாளம்.

நம் தமிழ்நாடு சுகாதாரத்தில் முன்னணி மாநிலம். பிரசவங்களில் 99 சதவீதத்துக்கும் மேல் மருத்துவமனையில் நடக்கின்றன. இது சாதாரண சாதனை அல்ல. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை. முந்தைய ஆய்வில் இது 50.7 சதவீதமாக இருந்தது. கூடியிருக்கிறது. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை. பிரசவ நாளன்று எல்லோரும் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அந்த நாளுக்கு முன்னும் பின்னும் வீட்டுக்குள் நடப்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

விதி என்று விட்டுவிடலாமா?

சிலர் கேட்கலாம். பிள்ளையின் ரிஸ்கும் ஆரோக்கியமும் அல்லாஹ் விதித்தது, நாம் என்ன செய்ய முடியும் என்று.

இதற்கும் உமர் (ரலி) அவர்களிடமே பதில் இருக்கிறது. ஷாம் தேசத்தை நோக்கிப் போகும் வழியில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. திரும்பிவிட முடிவு செய்தார்கள். அபூ உபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியிலிருந்தா விலகி ஓடுகிறீர்கள் என்று கேட்டபோது, ஆம், அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியின் பக்கமே போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமையாகவும் மறுபக்கம் காய்ந்தும் இருந்தால், ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது விதிப்படிதான் என்றும் விளக்கினார்கள்.

மேய்ப்பவனுக்குப் பசுமையான பக்கம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் காய்ந்த பக்கம் ஓட்டிப்போனால் அவன் விதியைக் காட்டித் தப்பிக்க முடியாது. நம்மில் ஒவ்வொருவரும் மேய்ப்பர், ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவோம் என்பது நமக்கு எச்சரிக்கப்பட்ட விஷயம்.

தாயைக் கண்டிப்பதற்கு முன்

இன்னும் சிலர் சொல்வார்கள். அரசாங்கம் எல்லாம் இலவசமாகத் தருகிறதே! தடுப்பூசி இலவசம், அங்கன்வாடியில் சத்துமாவு இலவசம், சத்து மாத்திரை இலவசம். வாங்கிக்கொள்ளாதது அவர்கள் குற்றம் என்று.

உமர் (ரலி) அவர்கள் அன்று இரவு முதலில் பேசியதும் இப்படித்தான். ஆனால் அவர்கள் ஏன் என்று கேட்டார்கள். நாமும் கேட்போம்.

மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். சுற்றிய கணக்குக்குத்தான் கூலி. சுகாதார நிலையத்தில் அரை நாள் காத்திருந்தால் அன்றைய கூலியில் பாதி போய்விடும். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். காலையில் வேலைக்குப் போனால் மாலையில்தான் வருவாள். ஆறு மாதத்துக்கு முழுக்கத் தாய்ப்பால் கொடு என்று அவளிடம் சொல்வது எளிது. வேலையை விட்டால் அடுப்பு எரியாது. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நன்னி, டீயில் பொறையை நனைத்து ஊட்டுகிறார். டீ, உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேரவிடாமல் தடுக்கும் என்று அந்த நன்னிக்கு யாராவது சொன்னோமா? இங்கே குற்றவாளி யார்?

இலவசம் என்பது விலையைத்தான் நீக்கும். போய் வருவதற்கான நேரத்தையும், இழந்த கூலியையும், பயத்தையும் அது நீக்காது.

பயம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வதந்திகள் பறந்தன. எத்தனையோ பெற்றோர் அஞ்சி ஒதுங்கினார்கள். வதந்தி எல்லா வீட்டுக்கும் ஒன்றுபோல் போகும். ஆனால் வசதியானவர் தம் குடும்ப டாக்டரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வார். ஏழைக்குக் கேட்க ஆள் இல்லை. அங்கே கேட்கப்பட வேண்டிய ஆளாக இமாம் இருந்திருக்க முடியும்.

முடியுமா என்றால், முடிந்திருக்கிறது. 2009இல் நம் நாட்டில் 741 பேருக்கு இளம்பிள்ளைவாதம் வந்தது. பெரும்பாலும் உத்தரப் பிரதேசமும் பீகாரும். உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் நம் சமுதாயத்து வீடுகள் பல சொட்டு மருந்தை மறுத்து வந்தன. அங்கே ஆலிம்களும் மதரஸாக்களும், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமிஆ மில்லியா, ஜாமிஆ ஹம்தர்த் போன்ற நிறுவனங்களும் களமிறங்கின. பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலேயே அறிவிப்புகள் வந்தன. மூடிய கதவுகள் திறந்தன. 2011 ஜனவரி 13தான் இந்தியாவில் கடைசி நோயாளி கண்டறியப்பட்ட நாள். 2014 மார்ச் 27 அன்று, போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. இன்று நடக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த அறிவிப்புகளால் நடக்கிறார்கள் என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது.

முகம் தெரியாத நன்மை

தடுப்பது ஏன் நமக்குக் கடினமாக இருக்கிறது என்பதற்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. நோயுற்ற குழந்தைக்கு முகம் இருக்கிறது. போட்டோ இருக்கிறது. குணமானால் தாய் வந்து கண்ணீரோடு துஆ செய்வாள். நம் மனம் நிறையும். நோய் வராமலே போன குழந்தை நம்மைத் தேடி வராது. தனக்கு என்ன வரவிருந்தது என்றே அதற்குத் தெரியாது. அதன் தாய்க்கும் தெரியாது. யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். எந்தப் பலகையிலும் நம் பெயர் எழுதப்படாது.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியாமல் இருக்கும் அளவுக்கு மறைத்துக் கொடுப்பவரின் சிறப்பைப் பல பயான்களில் கேட்டிருக்கிறோம். இந்தத் தர்மத்தில் வாங்கியவருக்கே தெரியாது. அல்லாஹ் ஒருவனுக்கு மட்டுமே தெரியும். இக்லாஸ் வேண்டுமென்று துஆ கேட்கிறோமே, இதைவிட இக்லாஸான இடம் எங்கே கிடைக்கும்?

அறுவை சிகிச்சைக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நிறுத்தவே கூடாது. கண்முன் துடிக்கும் உயிருக்கு உதவுவது நம் மீது கடமை. அதோடு சேர்த்து, துடிக்காமலே தேய்ந்துகொண்டிருக்கும் பிள்ளையின் பங்கையும் எடுத்து வைக்க வேண்டும் என்றே சொல்கிறோம்.

நாம் என்ன செய்யலாம்?

நோன்பு மாதத்தில் முப்பது நாளும் ஊருக்கே கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறோம். அண்டா இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, ஆள் இருக்கிறது, கொடுக்கும் மனமும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஜமாஅத்துக்கு, மஹல்லாவில் உள்ள பத்துக் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் தினம் ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் கிடைக்கச் செய்வது முடியாத காரியமா? ஒரு தாய்க்கு ஆகும் செலவு, நாம் ஒரு நாள் கடையில் குடிக்கும் டீ, தின்னும் வடைக் காசுதான். ஜகாத் பணத்தை இதில் எப்படிச் செலவிடுவது என்று உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸதகாவிலிருந்து செய்வதற்கு அந்தத் தயக்கமும் வேண்டாம்.

ஏழைக் கர்ப்பிணிகளுக்காக 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம், ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. கர்ப்பம் உறுதியானதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆதார், வங்கிக் கணக்கு என்று காகித வேலை இருக்கிறது. படித்த இளைஞர்கள் இருவர் பொறுப்பெடுத்தால் மஹல்லாவில் ஒரு தாய்கூட விடுபட மாட்டாள். இந்த உதவி முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான். மூன்றாவதாக வந்து பிறந்த பிள்ளை என்ன தவறு செய்தது? நிபந்தனைக்கு வெளியே நிற்கும் அந்தப் பிள்ளையிடம்தான் உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு முதலில் போய்ச் சேர வேண்டும். அரசிடம் நாம் கோரிக்கை வைக்கலாம், வைக்கவும் வேண்டும். பதில் வரும் வரை அந்தப் பங்கை பைத்துல்மால் ஏற்கட்டும்.

பிறந்த குழந்தையின் பெயரைப் பள்ளிவாசல் பதிவேட்டில் எழுதுங்கள். சந்தா வாங்குவதற்காக அல்ல, கவனிப்பதற்காக. தடுப்பூசி போட்டாயிற்றா, ஆறு மாதம் ஆனதும் இணை உணவு தொடங்கியதா, ஐந்து வயது வரை வாரம் இருமுறை கொடுக்க வேண்டிய இரும்புச்சத்து சிரப் கிடைக்கிறதா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ சொட்டு ஊற்றினார்களா என்று கேட்க ஒரு சகோதரி இருந்தால் போதும். கிராம சுகாதார செவிலியரோடும் அங்கன்வாடிப் பணியாளரோடும் அவர் தொடர்பில் இருக்கட்டும். தடுப்பூசி நாளுக்கு முந்தைய ஜும்ஆவில் ஒரு வரி அறிவிப்பு வரட்டும். கூலியை இழந்து பிள்ளையைத் தூக்கி வரும் தாய்க்கு அந்த அரை நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். அதுவும் ஸதகாதான்.

இது நிக்காஹ்விலிருந்தே தொடங்குகிறது. கரு உருவாகி 28 நாட்களுக்குள் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போது தாம் கர்ப்பமாக இருப்பதே தெரியாது. ஃபோலிக் அமிலம் அதற்கு முன்பே உடலில் இருக்க வேண்டும். வலீமாவுக்கு எத்தனை கிலோ பிரியாணி என்று பேசுகிறோம். மணப்பெண்ணின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் எத்தனை என்று கேட்பதில்லை. நம் வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மிச்சமிருப்பதை வழித்துச் சாப்பிடும் மகளும் மருமகளும்தான் நாளைய பிள்ளையின் அஸ்திவாரம். ஆடு அறுத்தால் சுவரொட்டி அவர்களுக்குப் போகட்டும். முருங்கைக்கீரையும் பருப்பும் முட்டையும் அவர்கள் தட்டில் முதலில் விழட்டும்.

தந்தைமார்களே! வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் பிள்ளையோடு பேசுங்கள். பதில் பேசத் தெரியாத பிள்ளையோடுதான் அதிகம் பேச வேண்டும். கிங்ஸ்டன் நகரத்து ஏழைத் தாய்மார்கள் கழிவுப் பொருளில் செய்த விளையாட்டுச் சாமான்களை வைத்துச் சாதித்ததை, நம் வீட்டுத் தட்டும் கரண்டியும் சாதிக்கும்.

சகோதரர்களே! அந்த மதீனா இரவில் அழுத பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியாது. அதன் தாயின் பெயரும் தெரியாது. அந்த அழுகையைக் கேட்ட ஒருவர் அது ஏன் என்று கேட்டதால், அதன் பிறகு பிறந்த எத்தனையோ பிள்ளைகள் பால் குறையாமல் வளர்ந்தார்கள். இன்று நம் மஹல்லாவில் இருக்கும் பிள்ளைகளில் சிலர் அழக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு தூங்குகிறார்கள். சத்தம் வரவில்லை என்பதால் நாளை மறுமையில் கேள்வி வராது என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த ஜும்ஆவுக்குள் உங்கள் தெருவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், கர்ப்பிணிகள் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதி நிர்வாகிகளிடம் கொடுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தைத் தருவாயாக! எங்கள் மஹல்லாவின் ஏழைப் பிள்ளைகளையும் எங்கள் சொந்தப் பிள்ளைகளாகப் பார்க்கும் கண்களைத் தருவாயாக! யாரும் கேட்பதற்கு முன்பே கொடுக்கும் கைகளை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.